அஷ்டமி நவமியில் மீன் பிடிக்கப் போகலாமா?



தோட்டத்து மக்களாகிய நமக்கும் கடலுக்கும் உள்ள உறவு விசித்திரமானது. நம் பாட்டன் பாட்டிமார் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ரஜூலா போன்ற கப்பல்களில் ஏறி, நாள் கணக்காகக் கடலையே பார்த்துச் சலித்து, இந்த மண்ணில் வந்து இறங்கினார்கள். இறங்கியவர்கள் நேரே ரப்பர் காட்டுக்குள் போனார்கள். அதன்பின் கடலை எட்டிப் பார்க்க அவர்களுக்கு நேரம் ஏது? பெரட்டுக் களமும் பால் கொட்டகையும் லயமுமாகவே காலம் கழிந்தது.

மூவார் வட்டாரத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்குக் கடல் தொலைவில் இல்லை. ஆனாலும் என்ன செய்கிறோம்? தஞ்சோங் எமாஸ் பூங்காவில் காற்று வாங்குகிறோம். பசித்தால் மீ பண்டோங் சாப்பிடுகிறோம். பொழுது சாய்ந்ததும் வீடு திரும்புகிறோம்.

இப்போது நம் இளைஞர்கள் சிலர் நான்கைந்து பேராகச் சேர்ந்து, வாடகைப் படகில் தூண்டில் போடப் போகிறார்கள். பள்ளி விடுமுறையில் பெண்டு பிள்ளைகளையும் அழைத்துப் போகிறவர்கள் உண்டு. நல்ல பொழுதுபோக்குதான், வேண்டாமென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும். படகில் கால் வைக்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

சேற்றுக் கரையின் சிறப்பு

மலாக்கா நீரிணை ஆழம் குறைந்த கடல். அதிலும் மூவார்க் கரை சேற்றுக் கரை. நெகிரி செம்பிலானில் பிறக்கும் மூவார் ஆறு 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்து, வழியெல்லாம் அள்ளிய வண்டலை இங்கே கொண்டுவந்து கொட்டுகிறது. வடக்கே மலாக்கா எல்லையில் கீசாங் ஆறு கடலில் கலக்கிறது. தெற்கே அசாம் பெடாசுக்குப் பேர்போன பாரிட் ஜாவா இருக்கிறது. அங்கே நீர் வற்றும் நேரத்தில் போய்ப் பாருங்கள். கண்ணுக்கெட்டிய வரை சேறாக இருக்கும். அந்தச் சேற்றில் ‘பூரோங் போத்தாக்’ என்று மலாய்க்காரர்கள் சொல்லும் மொட்டைத்தலைப் பெருநாரைகள் தவமிருப்பதுபோல் நின்று இரை தேடும். இந்த நாட்டில் அவற்றைக் காணக்கூடிய இடங்கள் மிகச் சிலவே.

சேறுதானே என்று இளக்காரமாக எண்ணாதீர்கள். அந்தச் சேறும் அதன் ஓரத்துக் கண்டல் மரங்களும்தான் மீன் குஞ்சுகளுக்குத் தொட்டில். இறாலும் நண்டும் அங்கேதான் வளர்கின்றன. அவற்றைத் தேடிப் பெரிய மீன் கரையோரம் வருகிறது. ஆகவேதான் வெகுதூரம் போகாமல், கரை கண்ணில் தெரியும் இடத்திலேயே இங்கு நல்ல மீன் கிடைக்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை மெர்சிங் பக்கம் வாடைக் காற்றில் கடல் கொந்தளிக்கும். மூவார்ப் பக்கம் அவ்வளவு தொல்லை இல்லை. ஒருபுறம் தீபகற்பமும் மறுபுறம் சுமத்ராத் தீவும் சுவர்போல் நின்று காக்கின்றன.

தேக்கோங் யார்?

படகை ஓட்டி வழிகாட்டுகிறவரை ‘தேக்கோங்’ என்பார்கள். நீங்கள் வாடகை கொடுப்பது படகுக்கும் இயந்திரத்துக்கும் மட்டும் என்று நினைக்காதீர்கள். எந்த இடத்தில் மணல் திட்டு, எங்கே பழைய கேலோங் கம்பு நீருக்குள் ஒளிந்திருக்கிறது, எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் படகு சேற்றில் மாட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கின்றன. அந்த அறிவுக்குத்தான் நாம் கூலி கொடுக்கிறோம்.

ஆகவே அவர் “இன்று வேண்டாம்” என்று சொன்னால் வாதாடாதீர்கள். ஒருமுறை நாங்கள் விடியற்காலையில் போய் நின்றபோது, ஒரு முதிய தேக்கோங் மேற்கு வானத்தைப் பார்த்துவிட்டுப் படகை அவிழ்க்க மறுத்துவிட்டார். துரத்தினாலும் மலை ஓடிப் போகாது என்ற மலாய்ப் பழமொழியை எங்களுக்குச் சொன்னார். லேடாங் மலையைத் தினமும் பார்க்கும் நமக்கு அதன் பொருள் விளங்காமல் போகுமா? அரை மணி நேரத்தில் அடித்த காற்றில் கரையில் நின்ற எங்கள் குடையே முறிந்தது.

அந்தக் காற்றுக்குச் ‘சுமத்ராஸ்’ என்று பெயர். நம் மீனவர்கள் மேல்காற்றைக் ‘கச்சான்’ என்பார்களே, அதுபோல் மேற்கிலிருந்து வருவது. மே முதல் செப்டம்பர் வரை அதிகம். பெரும்பாலும் விடியுமுன் தொடங்கி, காலை நேரத்தில் இடி மின்னலோடு கரையைத் தாக்கும். மேற்கே கரிய மேகம் சுவர்போல் எழுந்தால் தூண்டிலைச் சுருட்டிவிட்டுக் கரைக்குத் திரும்புவதே புத்திசாலித்தனம்.

நாள்காட்டியைப் பாருங்கள்

இனி தலைப்புக்கு வருகிறேன். கடல்நீர் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இந்த நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். நம் கணக்கில் ஒரு நாழிகை 24 நிமிடம். ஆகவே நாளுக்கு இரண்டு நாழிகை என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இன்று காலை 7 மணிக்கு நீர் நிறைந்தால் நாளை 7.50க்கு, மறுநாள் 8.40க்கு நிறையும். துல்லியமான நேரத்துக்கு நீரேற்ற அட்டவணை இருக்கிறது. தேக்கோங்கிடம் கேட்டாலும் சொல்வார்.

நீர் எவ்வளவு ஏறும் என்பதை உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே சொல்லிவிடும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், சந்திரன், பூமி மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன. சூரியனும் சந்திரனும் சேர்ந்து இழுப்பதால் அந்த நாள்களிலும் அடுத்த ஓரிரு நாள்களிலும் நீர் மிக உயரமாக ஏறி, மிகத் தாழ வற்றும். நீரோட்டம் வேகமாக இருக்கும். சேறு கலங்கும். கனமான ஈயக்குண்டு கட்டினாலும் தூண்டில் நிற்காமல் இழுத்துக்கொண்டு போகும்.

அஷ்டமியில் சந்திரன் பாதியாகத் தெரிகிறது. அப்போது சூரியன் ஒரு பக்கமும் சந்திரன் வேறொரு பக்கமுமாக இழுப்பதால் ஏற்றமும் குறைவு, வற்றமும் குறைவு. அஷ்டமி, நவமி, தசமி நாள்களில் நீரோட்டம் தணிந்து, நீர் சற்றுத் தெளிந்திருக்கும். பிள்ளைகள் கையாலும் தூண்டிலைப் பிடிக்க முடியும். அஷ்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் மறுத்துப் பேச வேண்டாம். மீன் பிடிப்பதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்!

அந்த நாள்களிலும் நீர் அசையாமல் நிற்கும் நேரத்தில் மீன் அவ்வளவாக இரை எடுக்காது. நீர் ஏறத் தொடங்கும்போதும் வற்றத் தொடங்கும்போதும் தூண்டிலைக் கவனியுங்கள்.

என்ன மீன் கிடைக்கும்?

கத்தாழை என்று நாம் சொல்லும் கெலாமா, காலா எனப்படும் செனாங்கின், கெளிற்று மீன், திருக்கை ஆகியவை இந்தக் கரையில் தூண்டிலுக்கு வருபவை. எல்லாருக்கும் ஆசை, கொடுவா மீனாகிய சியாக்காப் மீதுதான். உயிர் இறாலைக் கோத்துப் போட்டால் தேடி வந்து கடிக்கும்.

கொடுவாவைப் பற்றி ஓர் ஆச்சரியம் சொல்கிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அது முதலில் ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறுகிறது. ஆகவே மிகப் பெரிய கொடுவா எல்லாம் தாய் மீன்கள். காலா மீனும் இப்படித்தான். குஞ்சு மீனைத் திரும்ப விடுவது நல்லது என்பது நமக்குத் தெரியும். முட்டை நிறைந்த பெரிய தாயையும் ஒன்றிரண்டு விட்டுவிட்டால் அடுத்த ஆண்டும் நமக்கு மீன் உண்டு.

தொடக் கூடாதவை

விலாங்குபோல் நீண்ட செம்பிலாங் கெளிற்றுக்கும் திருக்கைக்கும் விஷ முள் உண்டு. குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் காயம்பட்ட இடத்தை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அமிழ்த்தி வைக்க வேண்டும். வலியில் சூடு தெரியாது. ஆகவே நல்ல கையால் நீரைத் தொட்டுப் பார்த்த பிறகே அமிழ்த்துங்கள். பின்னர் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

அதைவிடக் கொடியது, பந்துபோல் ஊதிக்கொள்ளும் பேத்தை மீன். மலாயில் புந்தால் என்பார்கள். 2023 மார்ச் மாதம் நம் ஜோகூர் மாநிலத்திலேயே, குளுவாங் வட்டாரத்தில், அதைச் சமைத்துச் சாப்பிட்ட முதிய தம்பதியர் இருவரும் உயிரிழந்தார்கள். எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. பெலாங்காஸ் எனப்படும் லாட நண்டிலும், கண்டல் காட்டில் வாழும் வகையின் முட்டையில் இதே விஷம் இருக்கக்கூடும். பெயர் தெரியாத எதையும் குழம்புச் சட்டியில் போடாதீர்கள், தாய்மார்களே!

படகேறுமுன் கேளுங்கள்

1. ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா? பிள்ளைகளுக்கு அளவானது உண்டா?

2. பயணிகளை ஏற்ற உரிமம் உள்ள படகா? எத்தனை பேரை ஏற்றலாம்?

3. எத்தனை மணிக்குப் புறப்பட்டு, எத்தனை மணிக்குத் திரும்புவோம்?

4. வாடகை படகுக்கா, ஆளுக்கா? எண்ணெயும் இரையும் சேர்த்தா, தனியா?

முதல் கேள்விக்குச் சரியான பதில் வராவிட்டால் மற்றவற்றைக் கேட்கவே வேண்டாம். ஒரு விடுமுறையில் நாங்கள் பிள்ளைகளோடு எட்டுப் பேர் போயிருந்தோம். படகில் ஐந்து சட்டைகள்தான் இருந்தன. “பக்கத்தில்தானே போகிறோம், ஆழமே இல்லை” என்றார் படகுக்காரர். நான் ஏற மறுத்துவிட்டேன். பிள்ளைகள் அழுதார்கள். “எதுக்கு சார் இவ்வளவு பயம்?” என்று கூட வந்தவர் முகம் சுளித்தார்.

ஆழமில்லாத நீர் என்பது ஆபத்தில்லாத நீர் ஆகாது. இடுப்பளவு நீர்தானே என்று குதித்தால் முழங்காலுக்கு மேல் சேறு பிடித்துக்கொள்ளும். நீர் ஏற ஏற, புதைந்த காலை உருவ முடியாது. நம்மில் பலருக்கு நீச்சலும் தெரியாது. ஒருநாள் ஏமாற்றம் பிள்ளைகளுக்கு மறுநாள் மறந்துபோகும். வேறொன்று நேர்ந்துவிட்டால் அதைப் பெற்றோர் வாழ்நாளில் மறக்க முடியுமா?

போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சொல்லிவிட்டுப் போங்கள். குடிநீர், தொப்பி, சோற்றுப் பொட்டலம், குமட்டலுக்கு ஒரு துண்டு இஞ்சி எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். ஆபத்து என்றால் 999ஐ அழைக்கலாம்.

பேரம் பேசுமுன்

2025 பிப்ரவரி முதல் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 65 ரிங்கிட் சொச்சம். அந்தப் பணத்தின் அருமை நமக்குத் தெரியும். ஆகவே இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஆனால் படகு தாங்கும் அளவுக்கு மேல் ஆளைச் சேர்க்காதீர்கள்.

தேக்கோங்கும் நம்மைப் போன்ற உழைப்பாளிதான். பெரிய இழுவலைப் படகுகளோடு போட்டியிட முடியாத சிறு மீனவர்களுக்காக, 1981ஆம் ஆண்டு உரிமக் கொள்கையில் கரையிலிருந்து 5 கடல் மைல் வரை, அதாவது ஏறக்குறைய 9 கிலோமீட்டர் கடலை அரசாங்கம் ஒதுக்கியது. பின்னாளில் எல்லைகள் மாறினாலும் அந்த நோக்கம் மாறவில்லை. வலையில் மீன் விழாத நாளில், தூண்டில்காரர்களை ஏற்றிக் கிடைக்கும் வாடகைதான் இப்படிப்பட்டவருக்கு அடுப்பெரிய வைக்கிறது. நியாயமான கூலியைக் கேட்டால் அடித்துப் பேசாதீர்கள். நம் கூலியை யாராவது குறைத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

கடைசியாக ஒன்று. மூவார் ஆற்றுப் பக்கத்துத் தோட்டங்களின் கால்வாய் நீரெல்லாம் ஒருநாள் ஆற்றில் சேர்ந்து, அந்தக் கண்டல் கரையைத்தான் அடைகிறது. லயத்துக்குப் பின்னால் நாம் வீசும் பிளாஸ்டிக் பையும், மருந்தடித்துவிட்டுக் கால்வாயில் கழுவும் டின்னின் மிச்சமும் மீன் குஞ்சின் தொட்டிலுக்கே போய்ச் சேர்கின்றன. படகில் உட்கார்ந்திருக்கும்போது பிள்ளைகளுக்கு இதைக் காட்டிச் சொல்லுங்கள். வகுப்பறையில் நான் பத்து நாள் சொல்லிப் புரியாதது, அங்கே பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

அடுத்த விடுமுறைக்கு நாள்காட்டியை எடுத்து அஷ்டமி எப்போது என்று பாருங்கள். சட்டைகளை எண்ணிப் பார்த்துப் படகில் ஏறுங்கள். மீன் ஒன்றுகூடக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை; போன அத்தனை பேரும் வீடு திரும்ப வேண்டும். மீனைப் பாசாரில் வாங்கிக்கொள்ளலாம்!