பகைத்தலும் பகைத்துக்கொள்ளுதலும்

புதிதாக வேலையேற்ற இளம் இலிகிதர் ஒருவரை மனத்திற் கொள்வோம். கந்தோருக்கு வரும் மக்களிடம் அவர் சற்றுக் கடுமையாகப் பேசிவிடுகிறார். மறுநாள் மேலதிகாரியிடமிருந்து "டோன்ற் அன்ராகனைஸ் த பப்ளிக்" என்று ஒரு குறிப்பு வருகிறது. இலிகிதர் அகராதியைப் புரட்டுகிறார். 'பகை' என்னும் சொல் கண்ணிற் படுகிறது. "நான் எவரையும் பகைக்கவில்லையே! இஃது என்ன வீண்பழி!" என்று மனம் நோகிறார்.

அகராதி பிழையன்று, அவர் பொருள் கொண்ட முறையே பிழை. மேலதிகாரி குறித்தது இலிகிதர் மனத்திலுள்ள பகையையன்று. அவருடைய பேச்சு மக்கள் மனத்தில் விளைக்கும் பகையையே.

இச்சொல்லின் வேர் கிரேக்க மொழியில் உள்ளது. அம்மொழியில் 'அகோன்' என்றால் போட்டி. 'அன்ரி' என்றால் எதிர். போட்டியில் எதிர்நின்று பொருதலே இவ்வினையின் பழம்பொருள். ஆங்கிலத்திலும் 17 ஆம் நூற்றாண்டில் இது 'எதிர்த்துப் போட்டியிடு' என்றே வழங்கியது. பிறரை எதிரியாக்குதல் என்னும் பொருள் 19 ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. பழம்பொருளின் சாயலை மருத்துவ நூல்களில் இன்றுங் காணலாம். மார்பின் என்னும் மருந்தின் செயலை நலொக்சோன் என்னும் மருந்து 'அன்ராகனைஸ்' செய்கிறது என்பர். அங்கே கோபமுமில்லை, வெறுப்புமில்லை. ஒன்றன் செயலை மற்றொன்று தடுக்கிறது, அவ்வளவே.

அன்றாட வழக்கிலோ பொருள் வேறு. 'அவன் அயலவரை அன்ராகனைஸ் செய்தான்' என்பதை மாணவர் சிலர் 'அயலவரை எதிர்த்தான்' என மொழிபெயர்ப்பர்; வேறு சிலர் 'அயலவரிடையே பகை மூட்டினான்' என்பர். முன்னது பழம்பொருள். பின்னது அயலவர் தமக்குள் மோதிக்கொண்டனர் என்றாகிவிடும். 'அயலவரைப் பகைத்துக்கொண்டான்' என்பதே பொருந்தும். 'பகைத்தான்' என்றால் வெறுப்பு அவனுடையது; 'பகைத்துக்கொண்டான்' என்றால் பிறர் வெறுப்பை அவன் தேடிக்கொண்டான். 'கொள்' என்னும் துணைவினை செய்யும் மாற்றம் இது.

இனமான சொற்கள் இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் நன்று. 'புரவோக்' என்பது சீண்டிச் சினமூட்டுதல். அச்சினம் விரைவில் ஆறியும்விடலாம். 'ஏலியனேற்' என்பது அன்பாயிருந்தவரை அந்நியராக்குதல். அவர் விலகிப் போவார், ஆயினும் எதிர்த்து நிற்க வேண்டுமென்பதில்லை. 'அன்ராகனைஸ்' என்பதோ ஒருவரை நமக்கு எதிர்ப்பக்கத்தில் நிறுத்திவிடுவது. இவ்வினையின் பின் 'வித்' என்றோ 'அகென்ஸ்ற்' என்றோ இடைச்சொல் சேர்த்தெழுதுதல் பிழை. யாரைப் பகைத்துக்கொண்டோமோ அவர் பெயர் வினையை அடுத்து நேரே வரவேண்டும்.

பகையைத் தேடிக்கொள்ளுதல் பற்றி வள்ளுவரும் எண்ணியிருக்கிறார். வில்வீரரின் பகையைக் கொண்டாலும் சொல்வன்மை உடையாரின் பகையைக் கொள்ளலாகாது என்னும் கருத்தைப் 'பகைத்திறந் தெரிதல்' என்னும் அதிகாரத்திற் காணலாம். அங்கும் பகை தானாக வருவதன்று, நாம் கொள்வது.

நம் இலிகிதரிடம் மீள்வோம். அவர் நெஞ்சில் வெறுப்பில்லை என்பது உண்மை. ஆனால், நெடுநேரம் வரிசையில் நின்று, "நாளைக்கு வா" என்ற ஒரு சொல்லைக் கேட்டுத் திரும்பிய முதியவர் அந்நெஞ்சைக் கண்டவரல்லர், சொல்லைத்தான் கேட்டார். வீட்டிலும் இவ்வாறே. அன்பில்லாத தந்தையர் சிலரே. ஆயினும் பிள்ளையைப் பிறர் முன்னே பழித்துரைத்து எதிரியாக்கிக்கொண்ட தந்தையர் பலர். "நான் எவரையும் பகைக்கவில்லை" என்பது இவ்வினைக்கு விடையாகாது. "என் சொல்லால் எவர் பகைவரானார்?" என்பதே அது நம்மிடம் கேட்கும் கேள்வி.