'கிளிக்' தவறினால் பல் போகும்! பின் சக்கர ஹப்புக்கு 20 ஆயிரம் கொட்டலாமா?

ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோ நகரம். தெரு ஓரத்தில் கூர்முனை வைத்த இரும்பு வேலி. யாரும் ஏறிக் குதிக்கக் கூடாது என்று வைத்த வேலி. அந்த வேலியின் மேல் ஒரு வாலிபர் சைக்கிள் ஓட்டிப் போனார்!

கதை அல்ல. படம் பிடித்தே காட்டிவிட்டார்கள்.

அந்த வாலிபர் பெயர் டேனி மெக்காஸ்கில். சைக்கிள் கடையில் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். 2009-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், அவருடன் ஒரே வீட்டில் குடியிருந்த நண்பர் எடுத்த சிறு படம் வெளியானது. உலகம் முழுக்க ஓடியது. கடை வேலைக்காரர் ஒரே வாரத்தில் பெரிய புள்ளி ஆகிவிட்டார்.

படத்தைப் பார்த்த பையன்களுக்குக் கை கால் பரபரத்தது. நாமும் தாவ வேண்டும். அதற்கு என்ன சைக்கிள்? என்ன சக்கரம்? கடைக்கு ஓடினார்கள்.

அங்கேதான் பணம் கரைகிறது!

இந்த சாகச சைக்கிளுக்குப் பெயர் 'டிரையல்ஸ்' சைக்கிள். இதன் பின் சக்கரத்து நடுவே இருக்கும் ஹப், பிரிட்டனில் 40, 50 பவுனுக்கும் கிடைக்கிறது. 200 பவுனுக்கு மேலும் விற்கிறது. 200 பவுன் என்றால் நம்ம காசுக்கு 20 ஆயிரம் ரூபாயைத் தாண்டும். அமெரிக்காவின் 'கிறிஸ் கிங்' ஹப் என்றால் 400 டாலருக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். 30 ஆயிரத்துக்கு மேல்!

ஒரு கை அளவு உலோகத்துக்கு இவ்வளவு பணமா? இது அவசியமா, ஆடம்பரமா? இது பற்றிய விவரம் வருமாறு:-

கால் ஊன்றினால் தப்பு

முதலில் இந்த விளையாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறந்த இடம் ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியா. அங்கே மோட்டார் சைக்கிளில் பாறை மேல் ஏறி இறங்கும் பந்தயம் ரொம்பப் பிரபலம். பெரே பீ என்ற மோட்டார் சைக்கிள் வீரர், தன் மகன் ஓட் பீக்கு அதே வித்தையை என்ஜின் இல்லாத சைக்கிளில் பழக்கினார். இது 1970-களில் நடந்தது. 'என்ஜின் இல்லாத டிரையல்' என்ற அர்த்தத்தில் 'டிரையல்சின்' என்று பெயர் விழுந்தது. பிறகு 'மொன்டேசா' மோட்டார் சைக்கிள் கம்பெனியே இதற்கென்று சைக்கிள் செய்து விற்றது.

இதில் வேகம் முக்கியம் அல்ல. பாறை, மரக்கட்டை, கான்கிரீட் குழாய் என்று வழியை அடைத்து வைத்திருப்பார்கள். அத்தனையும் ஏறித் தாண்ட வேண்டும். கால் தரையில் படக் கூடாது. பட்டால் ஒரு தப்பு. 5 தப்பு சேர்ந்தால் அந்தக் கட்டத்தோடு சரி. வெளியே போக வேண்டியதுதான்.

பந்தய சைக்கிளில் கியர் கிடையாது. உட்கார ஸீட்டும் கிடையாது! முழுக்க நின்றபடியே ஓட்டுவது.

ஓடி வந்து தாண்டவும் பல இடங்களில் வழி இருக்காது. பின் சக்கரத்தில் மட்டும் சைக்கிளை நிறுத்தி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே அடுத்த பாறைக்குத் தாவ வேண்டும். அந்தத் தாவலுக்கு உந்து சக்தி எது? பெடலில் விடும் ஒரே ஒரு உதை.

அந்த உதை சக்கரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்த்து வைப்பது ஹப்!

டிக்... டிக்... டிக்...

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது பின் சக்கரத்தில் 'டிக் டிக்' என்று சத்தம் வரும். எல்லோரும் கேட்டதுதான். அது என்ன சத்தம்?

உள்ளே ஒரு பல் வளையம் இருக்கிறது. பக்கத்தில் நாக்கு மாதிரி சின்னச் சின்ன இரும்புத் துண்டுகள். ஸ்பிரிங் அவற்றைத் தூக்கிப் பிடிக்கும். பெடலை முன்னால் மிதித்தால் நாக்கு பல்லில் மாட்டிக்கொண்டு சக்கரத்தை இழுக்கும். மிதிக்காமல் விட்டால் நாக்கு பல்லின் மேல் வழுக்கி வழுக்கிப் போகும். அந்த வழுக்கலின் சத்தம்தான் 'டிக் டிக்'.

சாதாரண ஹப்பில் ஒரு சுற்றுக்கு 18 அல்லது 24 'கிளிக்' இருக்கும். இங்கிலாந்தின் லங்காஷயரில் 'ஹோப்' என்ற கம்பெனி இருக்கிறது. விமான என்ஜின் வேலை பார்த்த இரண்டு பேர் 1989-ல் ஆரம்பித்தது. அவர்களுடைய ஒரு ஹப்பில் 44 கிளிக். அதற்கு அடுத்து வந்த ஹப்பில் 108! 'கிறிஸ் கிங்' ஹப்பில் 72. 'ஆனிக்ஸ்' என்ற அமெரிக்க ஹப்பில் பல்லே கிடையாது. மிதித்த கணத்தில் பிடிக்கும். சத்தமும் வராது. ஆனால் கனம் கொஞ்சம் கூடுதல்.

கிளிக் எண்ணிக்கை ஏற ஏற விலையும் ஏறுகிறது. விளம்பரத்திலும் அந்த எண்ணைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள்.

5 சென்டிமீட்டர் கணக்கு

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். மளிகைக் கடைக் கணக்கு மாதிரி எளிதானதுதான்.

26 அங்குல டிரையல்ஸ் சைக்கிளில் முன்னால் 22 பல், பின்னால் 18 பல் என்று பல்சக்கரம் வைப்பது வழக்கம். பெடலைத் தாங்கும் கிராங்க் நீளம் 17½ சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

18 கிளிக் ஹப் என்றால், பிடிப்பு கிடைக்கும் முன் பெடல் அதிகபட்சம் 5 சென்டிமீட்டர் வெறுமனே இறங்கும். 24 கிளிக் என்றால் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர். 44 கிளிக் என்றால் 2. அதுவே 72 ஆனால் 1¼. 108 கிளிக் ஹப்பில் 1 சென்டிமீட்டருக்கும் குறைவு.

இதில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. 18-லிருந்து 44-க்குப் போனால் 3 சென்டிமீட்டர் மிச்சம். அது காலுக்கு நன்றாகத் தெரியும். 72-லிருந்து 108-க்குப் போனால் மிச்சம் அரை சென்டிமீட்டர் கூட இல்லை!

அந்த அரை சென்டிமீட்டருக்காகப் பணம் கொடுப்பவர், விளம்பரத்தில் போட்ட எண்ணுக்குத்தான் பணம் கொடுக்கிறார்.

இன்னொன்று. பின் சக்கரத்தில் நிற்கும்போது பிரேக் இறுகப் பிடித்திருக்கும். சக்கரம் அசையாது. பழகிய ஆள், தாவும் முன்பே பெடலை மெல்ல அழுத்தி, நாக்கு மாட்டிக்கொண்டதைக் காலில் உணர்ந்துவிடுவார். அதன் பிறகுதான் பிரேக்கை விட்டு உதைப்பார். அப்போது இளக்கம் என்பதே இருக்காது. 18 கிளிக்கும் 108 கிளிக்கும் அந்த நேரத்தில் ஒன்றுதான்.

அப்படியானால் கிளிக் எதற்கு? காலை வைக்கும் இடத்தைச் சரி செய்ய. உதைக்கும் கால் எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்று ஆளுக்கு ஆள் ஒரு கணக்கு உண்டு. கிளிக் நிறைய இருந்தால் பெடலைப் பின்னால் இழுத்து சரியான இடத்தில் நிறுத்தலாம். உருண்டு வந்த வேகத்தில் சட்டென்று உதைக்கவும் வசதி. வசதிதான். உயிர் பிரச்சினை அல்ல.

உண்மையான குற்றவாளி

உயிர் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. அதன் பெயர் 'ஸ்லிப்'.

நாக்கு பல்லில் முழுசாக இறங்காமல், நுனியில் மட்டும் தொத்திக்கொண்டு நிற்பது உண்டு. லேசாக மிதித்தால் ஒன்றும் தெரியாது. 70 கிலோ ஆள் முழு பாரத்தையும் ஒரே பெடலில் இறக்கினால்? நுனி சறுக்கும். 'டபார்!' பெடல் காலியாகக் கீழே போகும். காலுக்கு அடியில் தரையே இல்லாத மாதிரி இருக்கும்.

ஆள் பாதித் தாவலில் இருக்கிறார். உடம்பு முன்னால் போகிறது. சைக்கிள் போகவில்லை. ஹேண்டில் பாரில் மோவாய் இடிக்கும். பல் உடையும். முழங்கால் மோதும். பெடலில் உள்ள முட்கள் கெண்டைக்காலைக் கிழிக்கும். எதிரே இருப்பது புல் தரை அல்ல, பாறை விளிம்பு!

ஸ்லிப் ஏன் வருகிறது?

மலிவான ஹப்பில் பல் வளையம் மென்மையான இரும்பாக இருக்கும். முனை சீக்கிரம் மழுங்கும். ஸ்பிரிங் சோர்ந்து போகும். அச்சு வளையும். அச்சு வளைந்தால் வளையம் சாய்ந்து, ஒரு நாக்கு மட்டும் மாட்டும், மற்றவை மாட்டாது. மொத்த பாரமும் அந்த ஒன்றின் தலையில் விழும்.

விலை கூடிய ஹப்பில் இதற்கெல்லாம் வழி செய்திருப்பார்கள். 'கிறிஸ் கிங்' ஹப்பில் நாக்கே இல்லை. பல் வைத்த இரண்டு வளையங்கள் முகத்தோடு முகம் இறுகும். 72 பல்லும் ஒரே நேரத்தில் மாட்டும். ஆக, அங்கே கொடுக்கும் பணம் 72 என்ற எண்ணுக்கு அல்ல. அத்தனையும் சேர்ந்து பிடிப்பதற்குத்தான்.

விலை கூடிய ஹப்பும் ஏமாற்றும். எப்போது? உள்ளே கெட்டியான கிரீஸை அப்பி வைத்தால்! குளிரில் கிரீஸ் இறுகும். நாக்கு எழும்பாமல் ஒட்டிக்கொள்ளும். 30 ஆயிரம் ரூபாய் ஹப், 30 ரூபாய் கிரீஸால் ஆளைக் கவிழ்த்துவிடும்.

பல நேரம் குற்றவாளி ஹப்பே அல்ல. தேய்ந்துபோன செயின் பல்சக்கரத்தின் மேல் ஏறி நழுவினாலும் காலுக்கு அதே உணர்ச்சிதான். ஹப்பை மாற்றிய பிறகும் நழுவுகிறதே என்று தலையில் கை வைப்பவர்கள் உண்டு. முதலில் செயினைப் பார்க்க வேண்டும்.

முன்னால் இருந்தால் பின்னால் எதற்கு?

முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. இது தெரியாமல் பணத்தை விட்டவர்கள் பலர்.

பந்தய டிரையல்ஸ் சைக்கிள்களில் பெரும்பாலும் ஃப்ரீவீல் பின்னால் இல்லை. முன்னால், கிராங்கில் இருக்கிறது! பின் சக்கரத்தில் அசையாத பல்சக்கரம். சக்கரம் சுற்றினால் செயினும் கூடவே சுற்றும்.

அப்படிப்பட்ட சைக்கிளில் பின் ஹப்புக்கு உள்ளே நாக்கும் இல்லை, பல்லும் இல்லை. நல்ல அச்சும் பேரிங்கும் இருந்தால் போதும். அதற்குப் போய் விலை உயர்ந்த ஹப் வாங்குவது, பூட்டே இல்லாத கதவுக்கு வெள்ளிச் சாவி செய்கிற மாதிரி!

அங்கே பணத்தை வைக்க வேண்டிய இடம் முன்னால் உள்ள ஃப்ரீவீல். அமெரிக்காவின் 'ஒயிட் இண்டஸ்டிரீஸ்' செய்யும் 'ஈனோ' ஃப்ரீவீல் இதில் பேர் போனது. அதிலும் 72 கிளிக்.

முன்னால் வைப்பதில் கஷ்டமும் உண்டு. மேலே சொன்ன 22, 18 பல் கணக்கில், அதே உதைக்கு முன் ஃப்ரீவீல் தாங்கும் முறுக்கு பின் ஹப்பைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு அதிகம். செயின் ஓயாமல் சுற்றுவதால் பேண்ட் மாட்டும், விரல் மாட்டும். தெருவில் சுவரும் படியும் ஏறி விளையாடுகிறவர்கள் பெரும்பாலும் பின் ஹப்பையே விரும்புகிறார்கள்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

நின்ற இடத்தில் தள்ளாடாமல் நிற்கவும், குட்டிக் குட்டியாகக் குதிக்கவும் பழகுகிறவருக்கு விலை உயர்ந்த ஹப் வேண்டவே வேண்டாம். அந்தப் பணத்தை முதலில் பிரேக்கில் போட வேண்டும். பின் சக்கரத்தில் நிற்பதே பிரேக்கை நம்பித்தான். பிறகு ஹெல்மெட், முழங்கால் கவசம்.

பின் சக்கரத்தில் நின்று, பெடலை உதைத்து, இடைவெளி தாண்டும் நாள் வருகிறது பாருங்கள், அன்றைக்கு மலிவு ஹப்பைக் கழற்றி வைத்துவிட வேண்டும். அங்கே கஞ்சத்தனம் கூடாது. அதற்காக உச்ச விலையும் தேவை இல்லை. டிரையல்ஸுக்கென்றே செய்த, உள் பாகங்கள் தனியாக விலைக்குக் கிடைக்கிற, நடுத்தர விலை ஹப் போதும். ஸ்பிரிங் போனால் ஸ்பிரிங் வாங்கலாம். மலிவு ஹப்பில் ஸ்பிரிங் போனால் ஹப்பே போச்சு!

வாங்கும் முன் அளவு பார்க்கவும் மறக்கக் கூடாது. 20 அங்குல பந்தய சைக்கிளில் பின் அகலம் பெரும்பாலும் 116 மில்லிமீட்டர். 26 அங்குலத்தில் 135. ஒன்று மற்றதில் நுழையாது.

பழைய ஹப் வாங்கினால் ஒரு சோதனை. பிரேக்கை இறுகப் பிடித்து, புல் தரையில் நின்றபடி ஒரு பெடலில் முழு பாரத்தையும் இறக்கிப் பாருங்கள். ஒரு கிளிக் நகர்த்தி மறுபடி இறக்குங்கள். 24 கிளிக் என்றால் 24 இடத்திலும் பார்க்க வேண்டும். 23 இடத்தில் பிடித்து, ஒரே ஒரு இடத்தில் 'டக்' என்று சறுக்கினாலும் அது வேண்டாம். பாறை மேல் நிற்கும்போது அந்த ஒரு இடம்தான் வந்து நிற்கும்!

பெரிய வீரர்கள் ஓட்டுவதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். அவர்களுக்குக் கம்பெனிகள் சாமான் கொடுக்கின்றன. பர்ஸைத் திறப்பவர் நாம்.

108 கிளிக் பெருமைக்கு. பாரத்தை இறக்கினால் ஒரு முறைகூட நழுவாத ஹப் பிழைப்புக்கு. காசு கொடுப்பதானால் இரண்டாவதற்குக் கொடுங்கள். ஹப் போனால் கடையில் வேறு வாங்கலாம். முன்பல் போனால்?