வாழும் வரலாற்றுப் பண்ணைகளில் உழைப்பும் உரையாடலும்

முன்னுரை

கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பெற்ற கலப்பை தன் வடிவத்தைக் காட்டும். அதைப் பிடித்த கையின் பழக்கத்தைக் காட்டாது. இக்குறையை ஈடுசெய்பவை வாழும் வரலாற்றுப் பண்ணைகள். ஒரு குறிப்பிட்ட காலத்து வேளாண்மையை அக்காலக் கருவி, பயிர், கால்நடை ஆகியவற்றைக் கொண்டு நிகழ்த்திக் காட்டும் கல்விக்களங்கள் இவை. ஆர்தர் ஹசீலியஸ் 1891இல் ஸ்டாக்ஹோமில் திறந்த ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகம் இவற்றுக்கு முன்னோடியாகும். இவை பார்வையாளரோடும் சக கல்வியாளரோடும் கொள்ளும் தொடர்பை அமெரிக்காவின் அயோவா மாநிலப் பண்ணையொன்றின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

பார்வையாளர் தொடர்பு

வேளாண் பொருளியல் பேராசிரியர் வில்லியம் மர்ரேயின் முயற்சியால் 1970இல் உருவானது ‘லிவிங் ஹிஸ்டரி ஃபார்ம்ஸ்’. இங்கு 1700ஆம் ஆண்டின் அயோவே பழங்குடியினர் பண்ணையில் மக்காச்சோளம், அவரை, பூசணி ஆகியன பயிராகின்றன. 1850ஆம் ஆண்டின் குடியேறிகள் பண்ணையில் எருதுகளும் 1900ஆம் ஆண்டின் பண்ணையில் குதிரைகளும் உழைக்கின்றன. செய்தி தருவதினும் சிந்தனையைத் தூண்டுவதே விளக்கத்தின் முதன்மை நோக்கம் என்று ஃப்ரீமன் டில்டன் தம் 1957ஆம் ஆண்டு நூலில் வலியுறுத்தினார். கண்முன் நிகழும் உழைப்பு அத்தூண்டலுக்கு வழிவகுக்கிறது.

ஆயினும், ஒரு பண்ணையிலிருந்து அடுத்ததற்கு நடந்து செல்பவர் அம்மாற்றத்தை இயல்பான வளர்ச்சி எனக் கருதிவிடக்கூடும். 1836, 1838ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் அயோவே மக்கள் இம்மண்ணின் உரிமையை இழந்து மிசௌரி ஆற்றுக்கு மேற்கே பெயர்ந்தனர் என்பதை வயல்கள் தாமே உரைப்பதில்லை. அதனை விளக்குநரே உரைத்தாக வேண்டும்.

இங்குப் பேச்சுமுறை முக்கியத்துவம் பெறுகிறது. கடந்தகால மாந்தராகவே நடிப்பவர் தம் காலத்துக்குப் பின் நிகழ்ந்தவற்றைப் பேச இயலாது. இக்காலத்தவராக நின்று விளக்குபவரால் இயலும். மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிளிமத் அருங்காட்சியகத்தில் ஆங்கிலேயர் குடியிருப்பில் நடிப்புமுறையும், வம்பனோக் குடியிருப்பில் பழங்குடியினரே இன்றைய நோக்கில் பேசும் முறையும் கையாளப்பட்டு வந்துள்ளன.

கல்வியாளர் தொடர்பு

எருது பழக்குதல், ஏர் பிடித்தல் போன்ற திறன்கள் நூலறிவால் மட்டும் கைவருவதில்லை. கற்பிப்பார் இன்றேல் அவை அழியும். 1970இல் தோன்றிய வாழும் வரலாறு, பண்ணை, வேளாண் அருங்காட்சியகங்களின் சங்கம் ஆண்டு மாநாடு, செயல்முறைப் பயிற்சி, உழவுப் போட்டி ஆகியவற்றின்வழி இத்திறன்களைப் பணியாளரிடையே பரிமாறச் செய்கிறது.

முடிவுரை

பார்வையாளரை ஈர்ப்பது உழைப்பு. அவரைச் சிந்திக்க வைப்பது உரையாடல். நிலத்தை இழந்தோரின் வரலாற்றையும் சேர்த்துரைக்கும்போதே இத்தகைய பண்ணை காட்சிக்களம் என்னும் நிலையைக் கடந்து கல்விக்களமாகிறது.