வருகை வரிசையும் குடியுரிமையும்: மொரிசியஸ் தேச உருவாக்கம்

முன்னுரை

மண்ணின் மைந்தர் யாவர், பின்வந்தோர் யாவர் என்னும் வினா பல நாடுகளின் அரசியலில் மையமாக நிற்கிறது. இந்தியப் பெருங்கடலில் அமைந்த மொரிசியஸ் தீவில் இவ்வினா எழ வாய்ப்பில்லை. அங்கு வாழ்வோர் அனைவரும் கடந்த நான்கு நூற்றாண்டுகளுக்குள் கடல்வழி வந்தோரின் வழித்தோன்றல்களே. தொல்குடிகள் இல்லாத நாட்டில் உரிமையும் அடையாளமும் எவற்றைச் சார்ந்து அமைகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நிலவியல் பின்புலம்

மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கி.மீ. தொலைவில் உள்ள இத்தீவு எரிமலையால் தோன்றியது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இந்தியாவுக்குச் சென்ற ஐரோப்பியக் கப்பல்களுக்கு இது தங்குதுறையாகப் பயன்பட்டது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் அப்பயன் குறைந்தது. கரும்புச் சாகுபடியே பொருளாதாரத்தின் அடித்தளமாக நீடித்தது. கரும்புக்கு ஏற்ற மண் இருந்தது, உழைக்க ஆளில்லை. எனவே உழைப்பாளர் அனைவரும் வெளியிலிருந்தே கொண்டுவரப்பட்டனர்.

ஆட்சி மாற்றங்கள்

1638இல் குடியேறிய டச்சுக்காரர்கள் 1710இல் வெளியேறினர். 1715இல் தீவைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர்கள் மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் அடிமைகளைக் கொணர்ந்தனர். புதுச்சேரிப் பகுதியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களும் அக்காலத்திலேயே சென்றனர். 1810இல் ஆங்கிலேயர் தீவை வென்றபோது, குடியேறியோரின் சட்டம், சமயம், வழக்காறுகள் ஆகியவற்றைக் காப்பதாகச் சரணடைவு உடன்படிக்கையில் ஏற்றனர். இதன் விளைவு இன்றும் காணத்தக்கது. உரிமையியல் சட்டம் பிரெஞ்சு மரபைச் சார்ந்தது. நாடாளுமன்றத்தின் அலுவல்மொழி ஆங்கிலம். பெரும்பாலோரின் இல்லமொழி கிரியோல். ஆட்சி மாறியபோது முந்தைய அடுக்கு அழிக்கப்படவில்லை. அதன்மேல் புதிய அடுக்கு ஏறியது.

குடியேற்றம்

1835இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் வருகை தொடங்கியிருந்தது. கல்கத்தா, சென்னை, பம்பாய் துறைமுகங்களிலிருந்து ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் இந்திய வம்சாவளியினரே பெரும்பான்மையினராயினர்.

எண்ணிக்கையும் வரிசையும்

1968 மார்ச் 12இல் விடுதலை பெற்ற நாட்டின் அரசியலமைப்பு, இந்து, முஸ்லிம், சீனர், பொது மக்கள் என நான்கு சமூகங்களைக் குறிக்கிறது. வாழ்க்கைமுறையால் முதல் மூன்றிலும் அடங்காதோர் அனைவரும் ‘பொது மக்கள்’ ஆவர். தேர்ந்தெடுக்கப்படும் 62 உறுப்பினர்களுடன், தோல்வியுற்ற வேட்பாளர்களிலிருந்து எட்டுப் பேர் வரை சமூகச் சமநிலை கருதிச் சேர்க்கப்படுவர். சிறுபான்மையினரின் அச்சத்தைத் தணிக்க வகுக்கப்பட்ட இம்முறைக்கு 1972ஆம் ஆண்டின் கணக்கெடுப்பே இன்னும் அடிப்படையாக உள்ளது; அதன்பின் சமூகவாரிக் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. காலங்கடந்த கணக்கைக் கொண்டு வேட்பாளர் தம் சமூகத்தை அறிவிக்கக் கட்டாயப்படுத்துவது உரிமை மீறல் என ஐ.நா. மனித உரிமைக் குழு 2012இல் கருத்துரைத்தது. 2014ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு மட்டும் இவ்வறிவிப்பு வேட்பாளரின் விருப்பத்திற்கு விடப்பட்டது.

இப்பகுப்பில் தமிழர் தனிச் சமூகம் அல்லர். இந்துப் பிரிவுள் அடங்குவர். ஆயினும் நாணயத்தாள்களில் ஆங்கிலத்தை அடுத்துத் தமிழும், அதன்பின் இந்தியும் இடம்பெறுவது வழக்கம். 1998இல் வெளியான தாள்களில் இவ்வரிசை மாற்றப்பட்டது. தமிழரின் எதிர்ப்பால் அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. எண்ணிக்கையில் சிறுத்த ஒரு சமூகம், முன்வந்தோர் என்னும் வரலாற்றையே தன் உரிமைச் சான்றாக முன்வைத்தது.

முடிவுரை

தொல்குடிகள் இல்லாமையால் மொரிசியஸில் உரிமைப் பூசல் மறையவில்லை. அது வருகை வரிசை, எண்ணிக்கை என்னும் வேறு வடிவங்களைப் பெற்றது. ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய ஆப்பிரவாசி காட் 2006இலும், தப்பிய அடிமைகள் புகலடைந்த லெ மோர்ன் மலை 2008இலும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாயின. வெவ்வேறு வருகைகளின் நினைவை ஒருங்கே போற்ற அத்தீவினரால் இயல்கிறது. அந்நினைவைத் தேர்தல் கணக்கிலிருந்து பிரித்தெடுத்தலும், அவ்வாறு செய்யும்போது சிறுபான்மையினருக்குரிய காப்பை இழக்காதிருத்தலுமே அத்தேசத்தின்முன் உள்ள பணியாகும்.