உணவகத்தில் பரிமாறும் தொழில்: புதிதாகச் சேர்வோர் அறிய வேண்டியவை

நம் நாட்டில் வேலை தேடி நகரங்களுக்கு வரும் இளைஞர்களில் பலருக்கு முதல் வேலை உணவகத்தில்தான் கிடைக்கிறது. நட்சத்திர ஓட்டல், சாப்பாட்டு ஓட்டல், ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலை, நெடுஞ்சாலைத் தாபா ஆகிய எதுவாயினும், அடுக்களையில் தயாராகும் உணவை வாடிக்கையாளரிடம் கொண்டுசேர்க்க ஒருவர் தேவை. அவரைச் சில இடங்களில் சர்வர் என்றும், சில இடங்களில் சப்ளையர் அல்லது பேரர் என்றும், பெரிய ஓட்டல்களில் ஸ்டூவர்டு என்றும் அழைக்கின்றனர்.

இது எவரும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உரிமையாளர்களிடம் மட்டுமன்றி, வேலைக்குச் சேர்வோரிடமும் இவ்வெண்ணம் காணப்படுகிறது. இதன் விளைவுகள் இரண்டு. முதலாவது, முறையான பயிற்சி புறக்கணிக்கப்படுகிறது. இரண்டாவது, குறைந்த சம்பளத்தை டிப்ஸ் ஈடுசெய்துவிடும் என்ற நம்பிக்கையில் இளைஞர்கள் வேலையை ஏற்கின்றனர். இவ்விரண்டுமே அவர்களது எதிர்காலத்தைப் பாதிப்பவை.

வயதும் பயிற்சியும்

மேஜை துடைக்கவும் தேநீர் கொடுக்கவும் சிறுவர்களை அமர்த்தும் வழக்கம் நெடுங்காலம் இருந்துவந்தது. ஓட்டல்கள், தாபாக்கள், தேநீர்க் கடைகள் ஆகியவற்றில் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு அமர்த்துவதை மத்திய அரசு 2006ஆம் ஆண்டு அக்டோபர் 10 முதல் தடை செய்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் எல்லாத் தொழில்களுக்கும் இத்தடை விரிவாக்கப்பட்டது. எனவே இது இன்று வயது வந்தோர் தம் வாழ்க்கைத் தொழிலாகத் தேர்ந்துகொள்ள வேண்டிய பணியாகும்.

பயிற்சிக்குப் பல வாயில்கள் உள்ளன. 1982இல் அமைக்கப்பட்ட தேசிய ஓட்டல் நிர்வாக, உணவுத் தொழில்நுட்பக் கவுன்சில் தன்னுடன் இணைந்த நிறுவனங்களின் மூலம் பட்டப் படிப்பையும் குறுகிய காலப் படிப்புகளையும் நடத்திவருகிறது. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் உணவு பரிமாறும் பணிக்கென ஓராண்டுப் பயிற்சிப் பிரிவு உண்டு. குறைந்த கல்வி பெற்ற இளைஞர்களுக்காகச் சுற்றுலா அமைச்சகம் 2009-10இல் தொடங்கிய ‘ஹுனர் சே ரோஸ்கார் தக்’ திட்டம், பரிமாறும் பணிக்கு ஆறு வாரக் கட்டணமில்லாப் பயிற்சியை வகுத்தது. தொழில் பழகுநர் சட்டம், 1961இன் கீழ் உதவித்தொகையுடன் ஓட்டல்களிலேயே பயிற்சி பெறவும் வழியுண்டு. சான்றிதழுடன் சேருபவர் சம்பளத்தைப் பற்றிப் பேசும் நிலையில் இருக்கிறார் என்பதே பயிற்சியின் முதற்பயன்.

தொழிலின் நுணுக்கங்கள்

பரிமாறும் வேலை, வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மேஜைகளைத் துடைத்தல், தண்ணீர்க் குவளைகளையும் கரண்டிகளையும் சரிபார்த்தல், உப்பு, மிளகுத்தூள் சிமிழ்களை நிரப்புதல், அன்று எந்தப் பண்டம் உண்டு, எது இல்லை என்பதை அடுக்களையில் கேட்டறிதல் ஆகியவை முன்னேற்பாடுகள். இவற்றில் செலவிடும் அரை மணி நேரம், கூட்டம் மிகும் வேளையில் பல தடவை அடுக்களைக்கு ஓடுவதைத் தவிர்க்கும்.

அடுத்தது ஆர்டர் எடுத்தல். நினைவாற்றலை நம்பாமல் எழுதிக்கொள்வதும், எழுதியதை வாடிக்கையாளரிடம் திரும்பப் படித்துக் காட்டுவதும் இன்றியமையாதவை. அடுக்களைக்குச் செல்லும் ஆர்டர் சீட்டில் மேஜை எண், இருக்கை வரிசை, காரம் குறைவு போன்ற குறிப்புகள் தெளிவாக இருத்தல் வேண்டும். இருக்கை வரிசையைக் குறித்துக்கொண்டவர், உணவைக் கொண்டுவரும்போது “மசால் தோசை யாருக்கு?” என்று கேட்க நேராது.

பண்டங்களைப் பற்றிய அறிவு நம் நாட்டில் தனிச் சிறப்புடையது. ஒரே மேஜையில் அமர்ந்திருப்போருள் ஒருவர் முட்டை சேர்க்காதவராகவும், மற்றொருவர் வெங்காயம், பூண்டு தவிர்ப்பவராகவும், வேறொருவர் கிழங்கு வகைகளை உண்ணாத சமணராகவும் இருக்கலாம். நிலக்கடலை, பால், கோதுமை முதலியன ஒவ்வாதவரும் உண்டு. அவருக்குத் தவறான விடையளிப்பது உயிருக்கே தீங்காகலாம். எனவே ஒரு பண்டத்தில் என்ன சேர்ந்துள்ளது என்று உறுதியாகத் தெரியாதபோது, ஊகித்துச் சொல்லாமல் சமையற்காரரிடம் கேட்டுவந்து சொல்வதே முறை.

பரிமாறும் ஒழுங்கு இடத்திற்கு இடம் மாறுபடும். மேனாட்டு முறையைப் பின்பற்றும் ஓட்டல்களில், தட்டில் அமைத்த உணவை வலப்புறமிருந்து வைப்பதும், பெரிய தட்டிலிருந்து எடுத்துப் பரிமாறுவதை இடப்புறமிருந்து செய்வதும் வழக்கம். வாழையிலைச் சாப்பாட்டில் இலையின் நுனி உண்பவரின் இடப்பக்கம் அமைய வேண்டும். குஜராத்தி தாலி உணவகங்களில் பரிமாறுவோர் கிண்ணங்களைக் கவனித்து, கேட்பதற்கு முன்பே நிரப்புவர். எந்த ஒழுங்காயினும் அதன் நோக்கம் ஒன்றே: உண்பவருக்கு இடையூறின்றி, சூடு ஆறாமல் உணவு சேர வேண்டும்.

தூய்மை

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006இன் கீழ் வகுக்கப்பட்ட விதிகள், உணவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை தேவை என வலியுறுத்துகின்றன. வயிற்றுப்போக்கு, மஞ்சட்காமாலை, சீழ்ப்புண் உள்ளவர் உணவைக் கையாளலாகாது. சூடான உணவு 60 டிகிரி செல்சியசுக்கு மேலும், குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழும் வைக்கப்பட வேண்டும். பரிமாறுபவர் குவளையை அடிப்பகுதியிலும், கரண்டியைக் கைப்பிடியிலும் பிடிப்பது தொற்றைத் தடுக்கும் எளிய வழி. எச்சில் தட்டை எடுத்த கையைக் கழுவாமல் அடுத்த மேஜைக்கு உணவு கொண்டுசெல்வது பெருந்தவறாகும்.

டிப்ஸ் ஊதியமாகாது

புதிதாகச் சேருபவர் மிகவும் கருத்தூன்றி அறிய வேண்டியது இப்பகுதியே. டிப்ஸ் என்பது வாடிக்கையாளர் விருப்பப்பட்டுத் தருவது. அது முதலாளி தரும் ஊதியமாகாது என்பதை உச்ச நீதிமன்றம் ஜெய்ப்பூர் ராம்பாக் பேலஸ் ஓட்டல் வழக்கில் 1976இல் தெளிவாக்கியது. ஓட்டல் மூலம் பெறப்படும் டிப்ஸ்கூடச் சம்பளமாகாது என 2016இல் வருமான வரி தொடர்பான வழக்கொன்றிலும் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே, “டிப்ஸ் கிடைக்கிறதே” என்று கூறிக் குறைந்தபட்ச ஊதியத்தைக் குறைப்பதற்கு இடமில்லை.

இதன் பொருளாதாரப் பொருளை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் காணலாம். ஓர் இளைஞருக்கு இரண்டு வேலைகள் கிடைக்கின்றன எனக் கொள்வோம். ஒன்றில் சம்பளம் 15,000 ரூபாய், டிப்ஸ் சுமார் 1,000 ரூபாய். மற்றொன்றில் சம்பளம் 12,000 ரூபாய், டிப்ஸ் சுமார் 4,000 ரூபாய். இரண்டிலும் மாத வரவு 16,000 ரூபாய்தான். பிடித்தங்கள் சம்பளத்தின் மீதே கணக்கிடப்படுவதால், முதல் வேலையில் கைக்கு வருவது மாதம் சுமார் 380 ரூபாய் குறைவு. ஆகவே இரண்டாவதே மேலானது எனத் தோன்றும்.

ஆயினும் வருங்கால வைப்பு நிதிக்கு முதலாளி செலுத்தும் 12 சதவீதப் பங்கு, ஓய்வூதியத்திற்குச் செல்லும் பகுதி உட்பட, முதல் வேலையில் 1,800 ரூபாய். இரண்டாவதில் 1,440 ரூபாய். ஐந்து ஆண்டுகளில் இவ்வேறுபாடு, வட்டி நீங்கலாக, 21,600 ரூபாயாகிறது. அதே அளவு தொகை தொழிலாளியின் சொந்தப் பங்கிலும் கூடுதலாகச் சேருகிறது. நோயுற்றால் ஈ.எஸ்.ஐ. திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். இது முதல் வேலையில் மாதம் 10,500 ரூபாய். இரண்டாவதில் 8,400 ரூபாய். படுத்திருக்கும் நாட்களில் டிப்ஸ் ஒரு காசும் வாராது. ஐந்தாண்டு முடிவில் பணிக்கொடை முறையே சுமார் 43,270 ரூபாயும் 34,615 ரூபாயும் ஆகும். ஆக, டிப்ஸ் இன்றைய செலவுக்கு உதவும். நோய்க்கும் முதுமைக்கும் உதவுவது எழுத்தில் பதிவான ஊதியமே.

பொதுவாக ஈ.எஸ்.ஐ. பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கும், வருங்கால வைப்பு நிதி இருபது பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கும் பொருந்தும். சிறு கடைகளில் பணிபுரிவோர், 2021இல் தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் தளத்தில் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம்.

சேவைக் கட்டணம் பற்றி ஒரு சொல். பில்லில் இதைத் தாமாகவே சேர்க்கக் கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2025 மார்ச் 28 அன்று அவற்றைச் செல்லுபடியாகும் என உறுதி செய்தார். எனவே அக்கட்டணத்திற்காக வாடிக்கையாளருடன் வாதிடுவது பரிமாறுபவரின் வேலையன்று. மேலாளரிடம் தெரிவிப்பதே போதுமானது.

சேரும் நாளில் கேட்க வேண்டியவை

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. இவற்றையொட்டிப் புதியவர் கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. பணி நியமனக் கடிதத்தைக் கேட்டுப் பெறுதல். சம்பளம், வேலை நேரம், வார விடுமுறை ஆகியவை அதில் இருத்தல் வேண்டும்.

2. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தரப்பட வேண்டும். வேலையை விட்டு விலகினால் இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்குத் தீர்க்கப்பட வேண்டும்.

3. தட்டு உடைந்தது, வாடிக்கையாளர் பணம் கொடாமல் சென்றார் என்று கூறி மனம்போனபடி சம்பளத்தைப் பிடிக்க இயலாது. ஒப்படைக்கப்பட்ட பொருளின் இழப்பு தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்ததாக இருக்க வேண்டும். பிடித்தம் இழப்பின் மதிப்பை மிஞ்சலாகாது. விளக்கம் கூற அவருக்கு வாய்ப்பும் அளிக்க வேண்டும்.

4. மிகை நேர வேலைக்கு இருமடங்கு விகிதத்தில் ஊதியம் உண்டு. வந்த நேரத்தையும் சென்ற நேரத்தையும் சொந்தக் குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதிவருவது நல்ல பழக்கம்.

5. பெண் தொழிலாளர்கள், பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு அமைந்துள்ளதா என அறிந்துகொள்ள வேண்டும்.

முன்னேற்றத்திற்கான வழி

பரிமாறும் பணி முடிவன்று, தொடக்கமே. பண்டங்களையும் கணக்கையும் கற்றவர் கேப்டனாகவும், மேற்பார்வையாளராகவும், மேலாளராகவும் உயரலாம். தொழிலாளர்கள் தாமே ஒரு நிறுவனத்தை ஏற்று நடத்தியதற்கும் நம் நாட்டில் சான்று உண்டு. காபி வாரியத்தின் காபி ஹவுஸ்கள் 1950களில் மூடப்படும் நிலை ஏற்பட்டபோது, ஏ. கே. கோபாலனின் ஊக்கத்தால் ஊழியர்கள் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தனர். 1957இல் பெங்களூரிலும் டெல்லியிலும், 1958இல் திருச்சூரிலும் இந்தியன் காபி ஹவுஸ்கள் இவ்வாறு தொடங்கின. தலைப்பாகையணிந்து காபி கொண்டுவருபவரே அதன் உடைமையில் பங்குடைய உறுப்பினராகவும் விளங்க முடியும் என்பதை அவை காட்டின.

அத்தகைய நிலைக்கு அடித்தளமாவன தேர்ச்சியும் முறையான பதிவுமே. உணவகத்தில் முதல் ஆண்டைப் பயிற்சிக் காலமாகக் கருதி உழைப்பவரும், தம் ஊதியம் முழுவதும் ஏட்டில் ஏறியுள்ளதா என மாதந்தோறும் சரிபார்ப்பவரும் இத்தொழிலில் நிலைபெறுவர். அவ்வாறு அவர் கேட்கும்போது விடையளிக்க வேண்டிய கடமை முதலாளிகளுக்கும், அதைக் கண்காணிக்கும் பொறுப்பு தொழிலாளர் துறை அலுவலர்களுக்கும் உண்டு.