பேரை எடுத்துட்டா போதுமா?

"தேடல் தகவல்ல என் பேரே இல்லையே, அப்புறம் என்ன பயம்?" இந்தக் கேள்வியை நிறைய பேர் கேட்டிருக்கீங்க. பதிலுக்கு ஒரு பழைய சம்பவம் சொல்றேன்.

2006 ஆகஸ்ட், அமெரிக்கா. ஆராய்ச்சியாளர்களுக்கு உதவும்னு நினைச்சு ஏ.ஓ.எல். நிறுவனம் ஒரு கோப்பை இணையத்தில் போட்டுச்சு. சுமார் 6.5 லட்சம் பேர், மூணு மாசம், ஏறக்குறைய 2 கோடி தேடல்கள். பேர் எதுவும் கிடையாது, ஆளுக்கு ஒரு எண் மட்டும்தான்.

சிக்கலே அந்த எண்தான். ஒருத்தரோட மூணு மாசத் தேடல் மொத்தமும் ஒரே எண்ணுக்குக் கீழே வரிசையா இருந்துச்சு. நாம எல்லாருமே சொந்த ஊர்ல ஆள் தேடுவோம், சொந்தக்காரங்க பேரைத் தேடுவோம் இல்லையா? 4417749-ங்கிற எண்ணுக்குக் கீழேயும் அதுதான் இருந்துச்சு: ஊர்ல தோட்ட வேலைக்கு ஆள், ஒரே குடும்பப் பேர் உள்ள பலர். நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் அதை வெச்சே, ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த 62 வயசு அம்மா ஒருத்தரைக் கண்டுபிடிச்சுட்டாங்க.

இன்னொன்னும் கவனிங்க. அவங்க பல நோய்களைப் பத்தித் தேடியிருந்தாங்க. பட்டியலை மட்டும் பார்த்தா அவங்களுக்குத்தான் உடம்பு சரியில்லைன்னு தோணும். ஆனா அவங்க தேடினது நண்பர்களுக்காக! அதாவது, தேடல் நம்மளைக் காட்டியும் கொடுக்கும், நம்மளைப் பத்தித் தப்பாவும் சொல்லும்.

ஏ.ஓ.எல். கோப்பை எடுத்துட்டு மன்னிப்பு கேட்டுச்சு. ஆனா அதுக்குள்ள நகல்கள் பரவிடுச்சு.

"நான் இன்காக்னிட்டோலதான் தேடுறேன்"னு சொல்றீங்களா? உங்க போனை வாங்கிப் பார்க்கிறவங்க கண்ணுல வரலாறு படாம இருக்கும், அவ்வளவுதான். நீங்க போற தளத்துக்கும் நெட் கொடுக்கிற கம்பெனிக்கும் உங்க வருகை தெரியும். இதைப் பத்தி 2020-ல் கூகுள் மேல அமெரிக்காவில் வழக்கு போட்டாங்க. 2024-ல் வந்த சமரசத்தில், பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்கக் கூகுள் ஒத்துக்கிச்சு.

நாம செய்யக்கூடியது? கூகுள் கணக்குல 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி'யை நிறுத்தி வைக்கலாம், இல்லைன்னா 3 மாசத்துக்கு மேல பழசான பதிவுகள் தானா அழியற மாதிரி வைக்கலாம். உடம்பு, பணம் சம்பந்தமா தேடும்போது கணக்குல இருந்து வெளியே வந்துட்டுத் தேடுங்க. இதனால முழுசா மறைஞ்சிட முடியாது. ஆனா ஒரே எண்ணுக்குக் கீழே சேருற வரிகள் குறையும்.

இன்னைக்கு ராத்திரி உங்க தேடல் வரலாற்றை, முன்பின் தெரியாத ஒருத்தர் மாதிரி படிச்சுப் பாருங்க. எத்தனாவது வரியில உங்களைக் கண்டுபிடிக்க முடியுதுன்னு எங்களுக்குச் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!