தாடை வலி ஏன் கழுத்துக்கும் தலைக்கும் பரவுகிறது?

மலேசியாவின் கேமரன் மலையில், 'போ' தேயிலைத் தோட்டத்துச் சரிவில் குளிர்காலை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கொட்டாவி விடும்போது காதருகே 'டக்' என்கிறது. தாடை வலிக்கிறது, பிறகு கழுத்து, பிறகு தலை. பல் மருத்துவரோ பற்கள் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார். அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது?

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து பாருங்கள். அசைவதுதான் தாடை மூட்டு. அதன் வலிச் செய்தியை ஏந்தும் நரம்பிழைகள் கழுத்தின் மேல்பகுதி வரை இறங்கி, கழுத்து நரம்புகளோடு ஒரே இடத்தில் சேர்கின்றன. எது எங்கிருந்து வந்தது என்று மூளைக்கே குழப்பம்!

அத்துடன் முடியவில்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஆம்ப்ளிஃபயரின் ஒலியை அதிகமாகத் திருகிவிட்டால், மைக்கருகே விடும் மூச்சும் இரைச்சலாகும். நீண்ட வலியில் தண்டுவடமும் மூளையும் அப்படித் திருகப்படுகின்றன. தண்டுவடம் இப்படிக் கூருணர்வு அடைவதை 1983இல் நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபர்ட் உல்ஃப் எலிகளில் காட்டினார்.

ஒலி கூடினால் எல்லா மைக்கும் அலறும் அல்லவா? அதனால்தான் தாடை வலி உள்ள பலருக்கு ஒற்றைத் தலைவலி, உடம்பெங்கும் தசைவலி, குடல் எரிச்சலும் சேர்ந்தே இருக்கின்றன. அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய 'ஆப்பெரா' ஆய்வில், ஏற்கெனவே வேறு வலிகள் இருந்தவர்களுக்கே தாடை வலி புதிதாக வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.

ஆகவே மருத்துவரிடம் தாடையை மட்டும் காட்டாதீர்கள். தலைவலி, வயிறு, தூக்கம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். பலருக்கு மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், தாடைப் பயிற்சியே போதும். பல்லைப் பிடுங்கவோ அறுவைசிகிச்சைக்கோ அவசரம் வேண்டாம்.